பத்துக் கேள்விக்கு நெவ் சொன்ன பதில்

எங்கள் சீ லேக் ஊர்ப் பக்கத்தில் ஒருவனுக்குக் கால் முறிந்து எலும்பு வெளியே தெரிந்தாலும், எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்றுதான் சொல்வான். மூன்று வருடம் மழை பொய்த்தாலும் பரவாயில்லை, பெண்டாட்டி போய்விட்டாலும் பரவாயில்லை. இதைப் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்த ஊர் இது. நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் க்ளெனிஸ். என் கணவன் நெவில் போல்னர். நெவ் என்றால்தான் இங்கே யாருக்கும் தெரியும். அறுபது வயது, கோதுமையும் ஆடும் அவன் பிழைப்பு. நான்கு வருடமாக அவனுக்கு மனச்சோர்வு. ஒன்று மாற்றி ஒன்று மூன்று விதமான மாத்திரை தின்று பார்த்தாயிற்று. வாய் உலர்ந்ததுதான் மிச்சம். ஏப்ரலில், விதைப்பு தொடங்குகிற வாரம், சாப்பிட வரவில்லையே என்று இயந்திரக் கொட்டகைக்குப் போனேன். ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். மடியில் துப்பாக்கி. எங்கள் நாய் பிக்கிள் அவன் பூட்ஸ்மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. நான் துப்பாக்கியை வாங்கிப் போய் அதன் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை மாவு டப்பாவுக்குள் புதைத்தேன். பிறகு டீ போட்டேன். குடித்தான். அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

பெண்டிகோவில் ஒரு ஆய்வு நடக்கிறது, கெட்டமின் என்ற மருந்தை ஊசியாகப் போடுகிறார்கள், மாத்திரைக்கு அடங்காதவர்களுக்குச் சில சமயம் கேட்கிறது என்று ஊர் டாக்டர் சொன்னார். கெட்டமின் எங்களுக்குப் புதிது இல்லை. மாட்டு டாக்டர் பையில் எப்போதும் இருப்பதுதான்.

“குதிரைக்குப் போடுறதை எனக்குப் போடப் போறாங்களா?” என்றான் நெவ். “குதிரையாவது பிழைச்சுதான்னு கேட்டியா?”

அந்த வருடம் முழுவதும் அவன் சொன்ன ஒரே நகைச்சுவை அது. அதற்காகவே அவனைச் சம்மதம் என்று எழுதிக் கொடுக்க வைத்தேன்.

பெண்டிகோவுக்கு இரண்டரை மணி நேரம். ஆகஸ்ட் மாதம், பயிர் முழங்கால் உயரம் இருந்தது. முதல் நாள் ஊசி கிடையாது, கேள்விகள் மட்டும். ப்ரான்வின் என்று ஒரு நர்ஸ். நாற்பது வயதிருக்கும், மேசையில் தாளை வைத்துக்கொண்டு பத்துக் கேள்வி கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஆறு வரை அவள் ஒரு எண் போடவேண்டும். எண் ஏற ஏற நோய் கடுமை.

“தூக்கம் எப்படி இருக்கு, நெவ்?”

“பரவாயில்லம்மா. ஏதோ தூங்குறேன்.”

விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் எழுந்து சமையலறை நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவன் சொல்கிற பதில் இது.

“பசி?”

“பசிக்குது. சமைக்கிறவ இவ. அதுக்கு நான் என்ன பண்றது?”

ப்ரான்வின் சிரித்தாள். நானும் சிரித்தேன். பத்துக் கிலோ இளைத்திருந்தான். பெல்ட்டில் புதிதாக இரண்டு துளை நான்தான் ஆணி வைத்து அடித்திருந்தேன்.

கடைசிக் கேள்விக்கு வந்தபோது அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். “வாழ்ந்து என்ன ஆகப்போகுதுன்னு தோணுதா? உயிரை விட்டுடலாம்னு நினைச்சதுண்டா?”

நெவ் தன் பூட்ஸைப் பார்த்தான். “அதெல்லாம் இல்லம்மா. எப்பவாவது அலுப்பா இருக்கும். யாருக்கு இல்ல?”

அவள் என் பக்கம் திரும்பினாள். “நீங்க ஏதாவது சொல்லணுமா, க்ளெனிஸ்?”

ஏப்ரலில் கொட்டகையில் பார்த்ததைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. பெரிவில்லாக்கில் ஒருவன் டாக்டரிடம் உண்மையைச் சொன்னான். அந்த வாரமே போலீஸ் வந்து உரிமத்தையும் துப்பாக்கிகளையும் எடுத்துப் போனது. அதற்குப் பிறகு ஒரு ஆடு இடுப்பொடிந்து கிடந்து காகம் கண்ணைக் கொத்தினால்கூட அதன் வேதனையை முடிக்க அவன் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடவேண்டும். கூப்பிடும்போதெல்லாம் காரணம் எல்லோருக்கும் தெரியும். அவன் நிலத்தை விற்றுவிட்டுப் போய்விட்டான். நெவ் அதைத்தான் நினைத்துக்கொண்டு பூட்ஸைப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும். கட்டின புருஷனை அந்நியர் முன்னால் பொய்யன் ஆக்கவும் எனக்கு வாய் வரவில்லை.

“இல்ல. அவன் சொன்னதுதான்” என்றேன்.

கூட்டிப் பார்த்ததில் இருபத்தொன்று. இருபதுக்குக் கீழே இருந்தால் ஆய்வில் சேர்க்க மாட்டார்களாம். “மயிரிழையில உள்ள வந்துட்டீங்க” என்றாள் ப்ரான்வின். பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி நாங்கள் படியிறங்கி வந்தோம். நான் முட்டாள். மெய்யைச் சொல்லியிருந்தால் ஐம்பதைத் தொட்டிருக்கும்.

செவ்வாயும் வெள்ளியும் ஊசி. நான்கு வாரம். வயிற்றுத் தோலில் போட்டுவிட்டு, சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, இரண்டு மணி நேரம் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். நான் வெளியே பழைய பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருப்பேன். ஊசி போட்ட அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது என்று கண்டிப்பு. முப்பத்தேழு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவன் உட்கார்ந்திருக்கும் வண்டியை நான் ஓட்டியதே இல்லை. இப்போது பக்கத்து இருக்கையில் மூட்டைபோல உட்கார்ந்துகொண்டு, எனக்கு முன்னால் ஏதாவது வந்தால் இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பான். அதுவும் முதல் வாரம் இல்லை. முதல் வாரம் அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான், அவ்வளவுதான்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு, சார்ல்டன் தாண்டி ஒரு தானிய லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.

“ஏ கிழவி” என்றான்.

நான் திடுக்கிட்டுப் போனேன். கல்யாணமான இரண்டாம் வருடத்திலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுவான். நான்கு வருடமாக அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

“அந்த லாரியைக் கட்டிக்கப் போறியா? எவ்ளோ நேரம் அதுக்குப் பின்னாடியே போவ? முந்து!”

“எதிர்ல வண்டி வருதுய்யா.”

“அது அடுத்த ஊர்ல வருது. என் அம்மா இதைவிட வேகமா ஓட்டுவா. அவ செத்துப் பதினோரு வருஷம் ஆச்சு.”

முந்தினேன். கண்ணீரில் ரோடே சரியாகத் தெரியவில்லை, அவன் பார்க்கவில்லை. விச்சிப்ரூஃபில், நடுத்தெருவில் தண்டவாளம் ஓடுமே, அங்கே நிறுத்தச் சொன்னான். பேக்கரியில் வெனிலா ஸ்லைஸ் வாங்கி, வண்டியிலேயே உட்கார்ந்து, விரலில் ஒட்டிய சர்க்கரையைக்கூட விடாமல் தின்றான். எனக்கும் ஒரு கடி கொடுத்தான்.

“ஊசி போட்டா என்னடா ஆகுது உள்ளே?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். “அணைக்கட்டுத் தண்ணிக்கு அடியில படுத்து மேல பாக்குற மாதிரி. கை காலெல்லாம் யாரோடதோ. பயமாத்தான் இருக்கு, வாந்தி வேற. ஆனா முடிஞ்சு எழுந்திருக்கும்போது...” நிறுத்தினான். “நாலு வருஷமா கழுத்து வரைக்கும் மண்ணு, க்ளென். இப்போ தோள் வெளிய வந்துடுச்சு.”

இதுதான் அவன் எனக்குச் சொன்ன மிக நீளமான பேச்சு என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுதுவதற்கு எனக்குக் கை கூசுகிறது, கொஞ்ச நாள்தான் என்பதால். இரண்டு வருடமாக ஒற்றைக் கீலில் தொங்கிய வாசல் கேட்டைச் சரிசெய்தான். காலையில் ஆறு மணி வரை தூங்கினான். பெர்த்தில் இருக்கும் மகளை அவனாகவே போனில் கூப்பிட்டு, மழை எத்தனை மில்லிமீட்டர் என்று அரைமணி நேரம் கதை அளந்தான். போனை வைத்ததும் அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அப்பாதானாம்மா அது?” என்று கேட்டு அழுதாள்.

நான்காவது வாரம், ஒரு காலைச் சாப்பாட்டின்போது, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான்.

“அந்தப் பொண்ணுகிட்ட நான் பொய் சொல்லிட்டேன்.”

“எனக்குத் தெரியும்.”

“அவ நல்லவ. எனக்கு வாந்தி வரும்போது பையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. அவகிட்டப் போய்...” கத்தியைக் கீழே வைத்தான். “சாவியை எங்க வெச்ச?”

ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவையாக அதைக் கேட்கிறான். “ஏன்?” என்றேன்.

“போலீஸ் டக்கிட்ட கொண்டு போய்க் குடுத்துடுறேன். மூணு துப்பாக்கியையும்.”

மாவு டப்பாவைத் திறந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவன் அதன்மேல் ஒட்டியிருந்த மாவை ஊதிவிட்டு, “இந்த மாவுலதான் எனக்கு இத்தனை நாள் ரொட்டி சுட்டியா?” என்றான். ஸ்டேஷனுக்கு இருவருமே போனோம். சார்ஜண்ட் டக், நெவ்வோடு கிரிக்கெட் ஆடியவன்.

“என்ன நெவ், நரியெல்லாம் தீந்துபோச்சா?”

“நரி இருக்குப்பா. எனக்கு என்மேலதான் நம்பிக்கை இல்ல. நீ வெச்சுக்கோ.”

டக் துப்பாக்கிகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு, “டீ குடிச்சிட்டுப் போங்க ரெண்டு பேரும்” என்றான். அந்த நாள் முழுக்க என் புருஷனை நினைத்து எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. பெரிவில்லாக் ஊர்க்காரனுக்கு எதைப் பிடுங்கினார்களோ, அதை இவன் தானே கொண்டு போய்க் கொடுத்தான். வரும் வழியில் நான்தான் சொன்னேன்: “கடைசி நாள் அவ மறுபடி கேட்பா இல்ல, அப்போ எல்லாத்தையும் அப்படியே சொல்லிடு.” நான்தான் சொன்னேன்.

கடைசி ஊசிக்கு மூன்று நாள் கழித்து மறுபடியும் பத்துக் கேள்வி. அதே மேசை, அதே தாள். இந்தத் தடவை நெவ் ஒன்றையும் மறைக்கவில்லை. தூக்கம் தேவலை, ஆனால் கெட்ட கனவு வருகிறது. சாப்பிடுகிறேன், சில நாள் ருசி இல்லை. வேலையைத் தொடங்க இன்னும் அரைநாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியிருக்கிறது. சொல்லச் சொல்ல ப்ரான்வினின் பேனா மெதுவாகியது. கடைசிக் கேள்விக்கு அவன் பூட்ஸைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான்.

“ஏப்ரல்ல முயற்சி பண்ணப் போனேன். அப்பல்லாம் தினமும் நினைப்பு. இப்போ வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு தடவை வருது, வந்துட்டுப் போயிடுது. துப்பாக்கியைக் குடுத்துட்டேன்.”

“இதை ஏன் முதல்லயே சொல்லல, நெவ்?” என்றாள்.

“இந்த ஊசியைப் போட்டுக்கிட்டதாலதாம்மா இப்போ சொல்ல முடியுது.”

அவள் கூட்டினாள். இன்னொரு முறை கூட்டினாள். எழுந்து வெளியே போனாள். திரும்பி வரும்போது ஒரு இளம் டாக்டரும் வந்தார். அவர் நல்ல மனிதர்தான், அதனால்தான் இன்னும் எரிச்சல். கத்தித் தீர்க்கவும் முடியவில்லை.

“ஆரம்பத்துல இருபத்தொண்ணு. இப்போ இருபத்திநாலு” என்றார். “பாதியா குறைஞ்சவங்களுக்குத்தான் ஊசியைத் தொடர முடியும். உங்களுக்குக் கூடியிருக்கு.”

“அந்த இருபத்தொண்ணு பொய்!” என்றேன். “நானே பக்கத்துல உக்காந்து கேட்டேன். சும்மா சொன்னான். அப்போ இவன் சாகக் கிடந்தான், இப்போ கேட்டை ரிப்பேர் பண்றான். உங்க கண்ணுக்குத் தெரியலயா?”

“தெரியுது, க்ளெனிஸ். நான் நம்புறேன். ஆனா முதல் நாள் எண்ணைப் பின்னாடி திருத்தினா, இந்த ஆய்வையே யாரும் நம்ப மாட்டாங்க. ஒருத்தருக்குத் திருத்தினா எல்லாருக்கும் திருத்தணும். மேலிடத்துக்கு எழுதுறேன். எழுதாம இருக்க மாட்டேன்.”

எழுதினார். மூன்று வாரத்தில் பதில் வந்தது: விதியைத் தளர்த்த இயலாது, பங்கேற்றதற்கு நன்றி. ஆய்வுக்கு வெளியே இதே ஊசியைப் போட மெல்போர்னில் ஓர் இடம் இருந்தது. போக ஐந்து மணி நேரம், வாரம் இரண்டு தடவை. அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு நெவ் போனை என் கையில் கொடுத்துவிட்டான். அரசாங்கச் சிகிச்சைக்கான வரிசையில் பெயர் கொடுத்திருக்கிறோம். பதினோரு மாதம் என்கிறார்கள்.

டாக்டர் எண்ணைச் சொன்ன அன்றைக்கு நாங்கள் வண்டியில் ஏறும்போது ப்ரான்வின் ஓடி வந்தாள். என் பக்கத்து ஜன்னலில் குனிந்து, “அன்னைக்கு நான் உங்களைத் தனியா கூப்பிட்டு இன்னொரு தடவை கேட்டிருக்கணும்” என்றாள். கண் சிவந்திருந்தது.

“கேட்டிருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன்” என்றேன். உண்மை அதுதான். அவள்மேல் பழியைப் போட்டு நான் தப்பிக்க முடியாது.

மருந்தின் பலன் எவ்வளவு நாள் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு நாள் நின்றது. அது இறங்குவது அவனுக்கே தெரிந்தது, அதுதான் கொடுமை. முன்பு மெல்ல மெல்ல வந்ததால் அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்தத் தடவை வெளியே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறான். “மறுபடியும் மண்ணு ஏறுது, க்ளென்” என்று ஒரு மத்தியானம் வாசலில் நின்று சொன்னான். முடிகிற வரைக்கும் வேலைகளைச் செய்துவிடலாம் என்று தண்ணீர்த்தொட்டியைக் கழுவினான், வேலியில் ஒரு பக்கம் கம்பி கட்டினான். மறுபக்கம் கட்டவில்லை. கம்பிச்சுருள் அங்கேயே புல்லில் கிடக்கிறது.

டிசம்பரில் அறுவடை. எங்கள் பயிரைப் பக்கத்து நிலத்துக்காரர்கள் மூன்று பேர் தங்கள் இயந்திரங்களைக் கொண்டுவந்து ஒரே நாளில் அறுத்துக் கொடுத்தார்கள். நெவ் ஜன்னல் திரையை மூடிக்கொண்டு படுத்திருந்தான். இன்னொருவன் தன் கோதுமையை அறுப்பதைப் பார்க்க முடியாதாம். அதைக்கூட அவன் சொல்லவில்லை, நானாகப் புரிந்துகொண்டேன்.

அந்த வாரம்தான் போன் வந்தது. ஆய்வு முடிந்து மூன்று மாதம் ஆனால் ஒரு தடவை கேட்பார்களாம். ப்ரான்வின் இல்லை; அவள் வேறு வேலைக்குப் போய்விட்டாளாம். யாரோ ஒரு பையன், மெல்போர்னிலிருந்து. நான் ஸ்பீக்கரைப் போட்டுக் கட்டில் ஓரத்தில் வைத்தேன். அதே பத்துக் கேள்வி.

“தூக்கம் எப்படி இருக்கு, சார்?”

“பரவாயில்ல” என்றான் நெவ், சுவரைப் பார்த்துக்கொண்டு.

“பசி?”

“பரவாயில்ல.”

எல்லாவற்றுக்கும் அதேதான். கடைசிக் கேள்விக்கு, “அதெல்லாம் இல்ல” என்றான். மறுமுனையில் பையன் சுறுசுறுப்பாகத் தட்டுவது கேட்டது.

“சூப்பர் சார். ஒன்பது வருது. ஆரம்பத்துல இருபத்தொண்ணு இருந்தது. பாதிக்கும் கீழ. நல்ல முன்னேற்றம்.”

இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. போனைக் கையில் எடுத்தேன். “தம்பி, அது அத்தனையும் பொய். இவன் ஒன்பது நாளா குளிக்கல. எழுந்து உக்காரல. நான் இவனோட பொண்டாட்டி, என் கண்ணால பாக்குறேன். நான் சொல்றதை எழுதிக்கோங்க.”

“மன்னிச்சுக்கோங்கம்மா. பதில் அவரேதான் சொல்லணும். நீங்க சொன்னதை உங்க ஊர் டாக்டருக்குக் குறிப்பா அனுப்புறேன், இன்னைக்கே. அவசரம்னா உடனே அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்க. ஆனா எண்ணை என்னால மாத்த முடியாது.”

வைத்துவிட்டேன். கட்டிலைச் சுற்றிப் போய் அவனுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் முட்டி போட்டு உட்கார்ந்தேன், முகத்தைப் பார்க்க வேறு வழி இல்லை.

“ஏன்டா நெவ்? உண்மையைச் சொல்லத்தான் கத்துக்கிட்டியே?”

“சொன்னேனே, க்ளென்” என்றான். கோபமே இல்லாத குரல். “சொல்லி என்ன ஆச்சுன்னு பாத்த இல்ல.”

அவன் தலையணையைச் சரிசெய்துவிட்டு எழுந்தேன்.

ஊர் டாக்டர் மறுநாளே கூப்பிட்டார். ஸ்வான் ஹில்லில் ஒரு மனநல டாக்டரிடம் சிபாரிசு செய்து, வரிசையில் காக்க வைக்காமல் ஒரு நேரம் பிடித்துக் கொடுத்தார். இன்னொரு மாத்திரை கொடுத்துப் பார்ப்பார்கள், நான்காவது. நெவ்வைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, வண்டியில் ஏற்றினேன். வாசலில் அவன் சரிசெய்த கேட்டை நானே இறங்கித் திறந்து, வெளியே வந்து, நானே இறங்கி மூடினேன். நன்றாகத்தான் மூடுகிறது.

அறுவடைக் காலம், ரோடு முழுக்கத் தானிய லாரி. ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டேன். எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டியே இல்லை. நான் முந்தவில்லை. வேண்டுமென்றேதான். லாரியின் பின்பலகையை ஒட்டிக்கொண்டு, கோதுமைத் தூசியெல்லாம் எங்கள் கண்ணாடிமேல் விழ, முப்பது கிலோமீட்டர் அப்படியே போனேன். ஒருமுறை லாரிக்காரன் பிரேக் போட, நானும் சட்டென்று போட்டேன். நெவ்வின் கால் அசையவில்லை. ‘முந்து, கிழவி’ என்ற குரல் வரவில்லை.